இருபத்தாறு கிலோமீட்டர்

சீட்டில் அச்சாகியிருந்தது:
பிராசவில் – கின்ஷாசா.
வான்வழித் தொலைவு இருபத்தாறு கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் ஐந்து நிமிடம்.
"இதை அச்சடிக்கவே அதற்குமேல் ஆகும்"
என்றாள் கவுண்ட்டரில் இருந்தவள்,
சிரிக்காமல்.

படகில்தான் போயிருப்பேன்.
துறையின் கதவை மதியமே சாத்திவிட்டார்கள்.
காரணம் கேட்டேன்,
பூட்டைக் காட்டினார்கள்.

அக்கரையில் குளோத்தில்டுக்குப் பிள்ளை பிறந்து மூன்று நாள்.
மரவள்ளிக் கீரை வேண்டுமாம்,
நான் இடித்து நான் கிண்டியது.
அங்கேயும் அதே கீரைதானே என்றேன்.
"இங்கே கடலையை அள்ளிக் கொட்டுகிறார்கள், அனிசே.
வாயில் வைக்க முடியவில்லை."
இரண்டு நாடுகளுக்கும் நடுவில்
எனக்குத் தெரிந்து
அது ஒன்றுதான் வித்தியாசம்.

நான்கு மணிக்கு இறக்கிய சட்டி.
துண்டில் சுற்றி மடியில் வைத்தேன்,
தொடை சுட்டது.
சூடு ஆறுமுன் வந்துவிடுவேன் என்று
வாய்விட்டுச் சொல்லியும் இருந்தேன்.

முதல் வரிசையில் கடவுச்சீட்டு.
அடுத்ததில் மஞ்சள் அட்டை.
அதற்கடுத்து ஒருவர் மூடியைத் திறந்து
"இது திரவமா, திடமா?" என்றார்.
எனக்கும் அப்போதுதான் சந்தேகம் வந்தது.
விரலால் தொட்டு, நக்கி, யோசித்து,
இன்னொரு முறை தொட்டு நக்கி,
'திடம்' என்று எழுதிக்கொண்டார்.
சட்டி இப்போது
காய்ச்சல்காரனின் நெற்றி அளவுதான்.

பணிப்பெண் அவசர வழிகளைக் காட்டத் தொடங்கினாள்.
அவள் கை இரண்டாம் கதவுக்குத் திரும்புமுன்
ஆறு வந்துவிட்டது,
பழுப்பாக, எங்கும் போகவேண்டிய அவசரமில்லாமல்,
ஆகாயத்தாமரைத் திட்டுகளை இழுத்துக்கொண்டு.
அவை இக்கரையில் முட்டுகின்றன,
திரும்பி அக்கரையில் முட்டுகின்றன.
யாரும் முத்திரை குத்துவதில்லை.

கின்ஷாசாவின் மேல் வானம் கறுத்தது.
சற்றுக் காத்திருப்போம் என்றார் விமானி.
வானத்தில் காத்திருப்பது என்றால்
வட்டமடிப்பது.
அரைவட்டத்துக்கு என் நாடு,
அரைவட்டத்துக்கு அவள் நாடு.
அணைக்க மறந்த கைப்பேசி துடித்தது:
காங்கோவுக்கு நல்வரவு.
மறுபடியும்:
காங்கோவுக்கு நல்வரவு.
எந்தக் காங்கோ என்று அது சொல்லவில்லை.
எட்டு முறை வரவேற்றார்கள்.
ஒரு முறைகூட இறங்கவிடவில்லை.

பக்கத்து இருக்கை முலும்பா, சிமென்ட் வியாபாரி,
கின்ஷாசாக்காரர்.
சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார்.
"இந்நேரம் புவான்ந்-நுவார் போய்க்
கடலில் கால் நனைத்திருக்கலாம்.
ஒரே காசு."

சக்கரம் தரையைத் தொட்டதும் சிலர் கைதட்டினார்கள்.
ஜன்னலில் பார்த்தேன்:
புறப்பட்ட அதே கதவு,
அதே உடைந்த தள்ளுவண்டி.
"பிராசவில்லுக்கு நல்வரவு" என்றாள் பணிப்பெண்
பழக்கத்தில்,
பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
பறந்த நேரம் அறுபத்தெட்டு நிமிடம்.
கடந்த தொலைவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

குளோத்தில்ட் அழைத்தாள்.
"சுற்றிச் சுற்றி ஒரு சத்தம் வந்ததே,
நீதானா அது?"
"நான்தான்."
"ஜன்னலோரம் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.
தெரிந்ததா?"

எனக்குக் கீழே ஒரு மேகம் இருந்தது,
அதற்கும் கீழே மழை,
மழைக்குள் ஒரு கோடிக்கும் மேல் மனிதர்கள்.

"தெரிந்தது" என்றேன்.
"யார் சாயல்?"
"உன் மூக்கு."
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எல்லாரும் அவர் மூக்கு என்கிறார்கள்" என்றாள்,
குரலில் அவ்வளவு வெற்றி.

அடுத்த விமானம் காலை ஏழுக்கு.
கீரை அதுவரை தாங்காது.
மூடியைத் திறந்தேன்.
விளிம்பில் பனை எண்ணெய் சிவப்பாய் உறைந்திருந்தது.
முலும்பாவிடம் ஒரு நீள ரொட்டி இருந்தது.
இரண்டாய் ஒடித்தார்,
பெரிய பாதி எனக்கு.

காத்திருப்புக் கூடத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள்.
வெளியே மழை இப்போதுதான்
ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தது.

"கடலை போதாது" என்றார் முலும்பா
சட்டியை வழித்துக்கொண்டே.